மார்த்தாவுக்குக் குளித்த நாள்

முன்பின் பார்த்திராத ஒரு வெள்ளைக்காரப் பெண்பிள்ளைக்காக என் அப்பா ஒருநாள் சாயங்காலம் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டார். அந்தப் பிள்ளை பிறந்தே நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் இருக்கும். அவள் சின்ன வயதில் சாகவும் இல்லை. செத்துவிட்டாள் என்று அப்பாவிடம் சொன்னது நான்தான்.

அப்போது எனக்குப் பத்து வயது. ஊரிலிருந்து, உலகத்தின் தென்கோடியில் இருக்கும் இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பாபடோயிட்டோ என்கிற புறநகரில் ஒரு வீட்டின் பின்பக்கத்தில் இரண்டு அறையில் வாடகைக்கு இருந்தோம். அம்மா நர்ஸ். வயதானவர்கள் இருக்கும் இல்லத்தில் வேலை. மத்தியானம் போனால் நான் தூங்கின பிறகுதான் வருவாள். அவள் படிப்பை வைத்துத்தான் எங்களுக்கு விசாவே கிடைத்தது. அப்பா ஊரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டுக்கொண்டிருந்தவர். ஒன்றரைக் காணி நிலம். அதை விற்றுவிட்டு வந்து மங்கரேயில், விமானத்தில் வரும் சரக்கை இறக்கும் கொட்டகையில் வேலை செய்தார். விடிவதற்கு முன்னால் போய் இரண்டு மணிக்கு வந்துவிடுவார். அதனால் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வீட்டில் நானும் அவரும்தான்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தினமும் வீட்டில் இருபது நிமிஷம் புத்தகத்தைச் சத்தம் போட்டுப் படிக்க வேண்டும். பெரியவர்கள் யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும். கேட்டதற்கு ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். டெர்ம் முடிவதற்குள் புத்தகத்தைப் படித்து முடித்து, தாளில் எல்லாக் கட்டத்திலும் கையெழுத்து வாங்கியவர்களைச் சறுக்கு மரம் வைத்த நீச்சல் குளத்துக்குக் கூட்டிப் போவார்கள். என் பக்கத்தில் உட்காரும் ஃபிஜிக்காரப் பெண்ணின் அம்மா ஒரு மாதத்துக் கையெழுத்தையும் ஒரே மூச்சில், அடுப்பில் குழம்பு கிண்டிக்கொண்டே போட்டுவிடுவார். நானும் அப்பாவிடம் அப்படிக் கேட்டுப் பார்த்தேன்.

"கேக்காமயே கேட்டேன்னு எப்படி பாப்பா எழுதறது? நீ படி, நான் கேக்கறேன்."

அப்பா எட்டாவது வரைக்கும் தமிழில் படித்தவர். இங்கிலீஷில் பெட்டிமேல் இருக்கும் ஊர்ப்பெயரைப் பார்த்து அடையாளம் தெரிந்துகொள்வார், அவ்வளவுதான். அதனால் நான் ஒரு பக்கம் இங்கிலீஷில் படித்துவிட்டு அதையே தமிழில் சொல்ல வேண்டும். இருபது நிமிஷ வேலை ஒன்றரை மணி நேரம் ஆனது.

புத்தகம் எடுத்ததிலும் என் தப்பு இருந்தது. மற்றவர்கள் வாரத்துக்கு ஒன்று என்று மெல்லிசான புத்தகமாக எடுத்தார்கள். தடியாக ஒன்று எடுத்தால் டெர்ம் முழுக்க அதுவே போதும் என்று நினைத்து, வகுப்பில் இருந்த பெட்டியின் அடியில் கிடந்த பழுப்பு அட்டைப் புத்தகத்தை எடுத்துவந்தேன். அமெரிக்காவில் அயோவா என்கிற இடத்தில் ரொம்ப காலத்துக்கு முன்னால் இருந்த ஒரு விவசாயியைப் பற்றியும் அவர் குடும்பத்தைப் பற்றியும் யாரோ எழுதியது. கலர் படம் ஒன்றுகூடக் கிடையாது. முதல் நாளே எனக்கு வெறுத்துப்போனது.

அப்பாவுக்கோ முதல் பக்கத்தில் இருந்த போட்டோவிலேயே அது பிடித்துப்போனது. மர வீட்டுக்கு முன்னால் தாடிக்காரர் ஒருத்தர் நாற்காலியில் இருக்கிறார். பக்கத்தில் பெண்டாட்டி, சுற்றி ஆறு பிள்ளைகள். ஓரத்தில் இரண்டு குதிரையும் ஒரு மாடும் நிற்கின்றன.

"மாட்டயும் சேத்து நிக்க வச்சி எடுத்துருக்காரு பாரு. நெசமான விவசாயி இவரு" என்றார்.

பிள்ளைகளில் ஐந்து பேர் அசையாமல் நின்றார்கள். ஒரு பெண் மட்டும் இடது அக்குளில் கோழியை இடுக்கிக்கொண்டு நின்றாள். கோழி துள்ளியிருக்கும்போல, அவள் முகம் கலங்கலாக விழுந்திருந்தது. கீழே எழுதியிருந்த பெயர்களை எண்ணிப் பார்த்து, அவள் மார்த்தா என்று சொன்னேன்.

"எல்லாரும் ஒழுங்கா நிக்கிறாங்க. இது ஒண்ணுதான் ஆடிட்டுது" என்று அப்பா விரலால் அந்தக் கலங்கலைத் தொட்டார். அன்றிலிருந்து அவள் மார்த்தா பாப்பா ஆனாள்.

தினமும் நாலு மணிக்கு அப்பா கார்ப்பெட்டில் பேப்பரை விரித்து, கடையில் வாங்கின மல்லாட்டையை உடைத்துக்கொண்டே கேட்பார். "இதெல்லாம் கொட்டையா, வெறும் சாவி, உள்ள ஒண்ணுமில்ல" என்று தினமும் ஒரு தடவை சொல்வார். அயோவாக்காரருக்கு நூற்று அறுபது ஏக்கர் என்று படித்தபோது உடைப்பதை நிறுத்திவிட்டார்.

"நல்லா பாரு. பதினாறா இருக்கும்."

"நூத்தி அறுபதுப்பா."

"அப்ப மிராசுன்னு சொல்லு. நான் நம்மள மாதிரின்னு நெனச்சிட்டேன்."

ஆனால் அந்த மிராசே நாலு மாட்டைக் கட்டிப் புல்வேரைக் கிழித்து உழுதார் என்றும், உப்பு வாங்க வண்டி கட்டி இரண்டு நாள் போனார் என்றும், வெட்டுக்கிளி வந்து ஏரின் மரப்பிடியைக்கூட அரித்துவிட்டது என்றும் படிக்கப் படிக்க அப்பா சமாதானமாகிவிட்டார். "நம்ம ஆளுதான்" என்றார். மறுநாள் வேலையிலிருந்து வந்ததும் கால்கூடக் கழுவாமல், மறுபடி விதைச்சாரா, விதைக்கு என்ன பண்ணினார் என்று கேட்டார். எனக்கு அவர் கேள்விகள் பிடிக்காது. கிணறு எத்தனை ஆழம், மாட்டுக்கு என்ன வைத்தார்கள், அந்தம்மாவுக்குப் பிரசவம் யார் பார்த்தது. பாதி கேள்விக்குப் புத்தகத்தில் பதில் கிடையாது. எல்லாவற்றையும்விட அதிகமாக மார்த்தாவைப் பற்றித்தான் கேட்பார். அவள் வாத்து மேய்க்கப் போய்த் தூங்கிவிட்டதையும், அண்ணனைக் கடித்ததையும் என்னை இரண்டாம் முறை சொல்ல வைத்துச் சிரித்தார். சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வார். முன்பல் ஒன்று இல்லை.

இப்படியே போய், டெர்ம் முடிகிற வாரம் செவ்வாய்க்கிழமை இன்னும் எழுபது பக்கம் மீதி இருந்தது. வெள்ளிக்கிழமை தாளைக் கொடுக்க வேண்டும். ஃபிஜிக்காரப் பெண் புது நீச்சல் உடை வாங்கிவிட்டாள். என்னால் முடியாது என்று எனக்குத் தெரிந்தது. அழுகை அழுகையாக வந்தது.

அன்று படித்த பக்கத்தில் மார்த்தாவுக்குக் காய்ச்சல் வந்தது. வெளியே பனி. டாக்டர் வர இரண்டு நாள் ஆகும். பக்கம் அங்கே முடிந்தது. நான் அடுத்த பக்கத்தைத் திருப்பவில்லை.

"மார்த்தா செத்துட்டாப்பா" என்றேன்.

அப்பாவின் கையில் உடைத்த தோலும் கொட்டையும் அப்படியே இருந்தன.

"என்னா சொல்ற?"

"காய்ச்சல்ல செத்துட்டா. இங்க போட்டுருக்கு."

அப்பா கொட்டையை வாயில் போடாமல் பேப்பரில் திரும்ப வைத்தார். ஏதாவது கண்டுபிடித்துவிட்டாரோ என்று எனக்குப் பயம். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"நெலத்துலயே பொதச்சாங்களா?"

"ஆமா."

"ஓரமா, மரத்தடியில."

"ஆமாப்பா."

"அந்தம்மா யாரோடயும் பேசாம கெடந்துருப்பாங்க."

"ஆமா. பேசவே இல்ல."

"அப்புறம் நெலத்த வித்துட்டாரு. இல்ல?"

இது எனக்கு வசதியாகப் போனது. நிலத்தை விற்றுவிட்டால் விவசாயி கதை முடிந்துவிடும். "ஆமா, வித்துட்டு வேற ஊருக்குப் போயிட்டாங்க. அதோட புக்கு முடிஞ்சிதுப்பா" என்று சொல்லிப் புத்தகத்தை மூடினேன். எழுபது பக்கம் என் கட்டைவிரலுக்கு அடியில் தடியாக இருந்தது. அப்பா அதைப் பார்க்கவில்லை.

"வாங்கனவன் ஏரு ஓட்றப்ப அந்த எடத்த மட்டும் வுட்டுட்டு ஓட்டுவானா?"

"அது புக்குல இல்லப்பா."

அப்பா எழுந்து குளியலறைக்குப் போனார். தண்ணீர் கொட்டுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. தலையிலிருந்து சொட்டச் சொட்ட வெளியே வந்து, "சாவு சேதி கேட்டா குளிக்கணும் பாப்பா. நீயும் போய்க் குளிச்சிட்டு வா" என்றார்.

இந்த நாட்டில் ஜூலை மாதம் குளிர்காலம். நான் கொன்ற பிள்ளைக்கு நானே தலையோடு குளித்துவிட்டு, பல் கிட்டித்துக்கொண்டு வந்து நின்றேன். அப்பா என் தலையைத் துவட்டிவிட்டார். எப்போதும்விட அழுத்தித் துவட்டினார். அப்புறம்தான் தாளை நீட்டினேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, தமிழில் ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். மீதி மூன்று நாள் கட்டத்தையும் காட்டி, புத்தகம்தான் முடிந்துவிட்டதே என்றேன். அதிலும் போட்டார். கேட்காமல் கையெழுத்துப் போட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அப்பா புத்தகத்தை மடியில் வைத்துத் தானாகப் புரட்டிக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கத்தில் ஒரு போட்டோ. அதே மர வீடு. வாசலில் நாற்காலி. அதில் நன்றாகப் பழுத்த ஒரு கிழவி. இடது அக்குளில் கோழி.

"இது யாரு பாப்பா?"

கீழே பெயர் எழுதியிருந்தது. மார்த்தா, எண்பத்தொரு வயதில், தான் பிறந்த வீட்டின் முன்னால். அதை நான் மனதுக்குள் முழுதாகப் படித்தேன். எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் அப்பா என்னைத் திட்டியிருக்கக்கூட மாட்டார்.

"அது அவங்க அத்தைப்பா."

அப்பா முன்பக்கத்துப் போட்டோவையும் இதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "கோழிய புடிச்சிருக்கற கையப் பாரு. அந்தப் புள்ள அத்தையப் பாத்துதான் கத்துக்கிச்சி போல" என்றார். புத்தகத்தை மூடும்போது, "இந்தம்மாவாச்சும் அங்கயே இருந்துருக்காங்களே" என்றும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் கூட்டி சர்ட்டிபிகேட் கொடுத்தார்கள். அப்பா அம்மாவும் வரலாம். அம்மாவுக்கு வேலை. அப்பா வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். வேலையில் கேட்டுக்கொண்டு, வேலைக்குப் போடும் மஞ்சள் சட்டையோடு நேராக வந்து, கடைசி வரிசைக்கும் பின்னால் சுவரோரம் நின்றார். அந்தச் சட்டைதான் முதலில் என் கண்ணில் பட்டது. மற்ற பிள்ளைகளின் அப்பாக்களில் இரண்டு மூன்று பேர் அதே மாதிரிச் சட்டையில்தான் வந்திருந்தார்கள். எனக்கு என் அப்பா போட்டிருந்தது மட்டும் தெரிந்தது.

முடிந்ததும் டீச்சர் சிரித்துக்கொண்டே அப்பாவிடம் வந்தார். பக்கத்தில் ஃபிஜிக்காரப் பெண், அவள் அம்மா, இன்னும் இரண்டு பேர். இவ்வளவு பெரிய புத்தகத்தைப் பிள்ளையோடு உட்கார்ந்து கேட்டீர்களே என்று டீச்சர் சொன்னார். அது அப்பாவுக்குப் புரிந்தது. அதற்கு முன் அவர் என் பள்ளிக்கூடத்தில் வாய் திறந்ததே இல்லை. அன்று திறந்தார். வரும் வழியெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு வந்திருப்பார்.

"பார்மர் புக் வெரி குட். மை ஆல்சோ பார்மர்" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அப்புறம் கையை இடுப்பளவுக்குத் தாழ்த்தி உயரம் காட்டி, "மார்த்தா பேபி டை. வெரி சேட்" என்றார்.

டீச்சர் குழப்பமாக என்னைப் பார்த்தார். மார்த்தா சாகவில்லையே, கடைசி வரைக்கும் அந்தப் பண்ணையைப் பார்த்துக்கொண்டது அவள்தானே என்றார்.

என் கையில் சர்ட்டிபிகேட் இருந்தது. பின்னால் யாரோ லேசாகச் சிரித்தார்கள். நான் டீச்சரிடம் இங்கிலீஷில் சொன்னேன், அப்பா குழப்பிக்கொண்டார், அவருக்கு இங்கிலீஷ் வராது, நான் ஒழுங்காகத்தான் சொன்னேன் என்று.

டீச்சர் முகம் தெளிந்தது. பரவாயில்லை, பரவாயில்லை என்று சின்னப் பிள்ளையிடம் சொல்வதுபோல் அப்பாவிடம் நிறுத்தி நிறுத்திச் சத்தமாகச் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். அப்பாவும் தலையாட்டிச் சிரித்தார். வாயைப் பொத்த மறந்துவிட்டார்.

அப்பா காரை எடுத்தார். பிறகு கேட்டார்.

"டீச்சர் மார்த்தான்னு என்னமோ சொன்னாங்களே பாப்பா."

"பாவம்னு சொன்னாங்க."

"நான் தப்பா பேசிட்டேனா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தச் சிரிப்புச் சத்தம் காதிலேயே இருந்தது.

"ஆமாப்பா. நீ பேசாம இருந்துருக்கலாம்."

"சரி பாப்பா. இனிமே பேசல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அப்படியே செய்தார். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை என் டீச்சர்களைப் பார்க்க வந்திருக்கிறார். பதினாறு வயதில் நான் படிப்பை விட்டபோதுகூட வந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டு, யார் பேசுகிறார்களோ அவர்கள் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருப்பார்.

நீச்சல் குளத்துக்குப் போனேன். சறுக்கு மரத்தில் பதினோரு தடவை சறுக்கினேன். அப்பா கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சாதத்தை ஃபிஜிக்காரப் பெண்ணோடு பங்கு போட்டுத் தின்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதை மறைக்க எனக்கு இஷ்டமில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் அப்பா செத்துப்போனார். விடியற்காலையில் கார் சாவியை எடுத்தவர் அப்படியே செருப்பு வைக்கிற இடத்தில் உட்கார்ந்துவிட்டார். அம்மா நர்ஸ். அவளாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அடக்கத்துக்கு ஏற்பாடு செய்கிற இடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். பிறந்த ஊர், தகப்பன் பெயர், தாயார் பெயர். இங்கிலீஷில் நான்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டபோது, ஒன்று என்றேன்.

"டூ" என்றாள் அம்மா.

நான் அந்தப் பெண்ணைப் பார்த்து, அம்மா குழம்பியிருக்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தேன். பாதி சொல்லிவிட்டேன். பத்து வயதில் பள்ளிக்கூடத்தில் சொன்ன அதே வார்த்தைகள். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

"ரெண்டு புள்ளைங்க. எழுதச் சொல்லு" என்றாள் அம்மா.

கார் நிறுத்துகிற இடத்தில் வைத்துச் சொன்னாள். எனக்கு முன்னால் ஒரு பெண். மூன்று வயது. மழைக்காலத்தில் காய்ச்சல், ஏரி உடைந்து பஸ் ஓடவில்லை. சின்னப் பிள்ளை என்பதால் எரிக்கவில்லை, நம் மல்லாட்டைக் காட்டு ஓரத்தில் புங்க மரத்தடியில் வைத்தோம் என்றாள். அதன் பிறகு அவள் ஒரு வருஷம் யாரோடும் சரியாகப் பேசவில்லையாம். எனக்குத் தெரிய வேண்டாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்தார்களாம். நிலத்தை விற்றோம் என்று எனக்கு எப்போதும் தெரியும். அதற்குள் யார் இருந்தது என்று தெரியாது.

"வித்தப்ப உங்கப்பா வாங்கனவருகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. அந்த மூலைய மட்டும் உழாத வுடுங்கன்னு. அவரும் சரின்னாரு. வுட்டாரா இல்லியான்னு யாரு போய்ப் பாத்தா" என்றாள்.

மார்த்தாவைப் பற்றி அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொல்ல முடியும் என்று தோன்றவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்துத் தாள்களை எல்லாம் அம்மா ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறாள். போன வாரம் அந்தத் தாள் கிடைத்தது. செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் மட்டும் மை கொஞ்சம் கலைந்திருக்கிறது. அவர் தலையிலிருந்து சொட்டியது. பொய் சொல்லி ஏமாற்றினேன் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் அன்று காய்ச்சலில் செத்தாள் என்பதற்கு மேல் நானாகப் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. மரத்தடி என்று சொன்னது அவர். பேசாமல் கிடந்தாள் என்று சொன்னது அவர். நிலத்தை விற்றதையும் அவரேதான் சொன்னார். நான் ஆமா ஆமா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்தவருக்கு முன்னால் தாளை நீட்டி, பிள்ளை படித்தது இருபது நிமிஷம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.